உறுமி கேட்டு ஆற்றுக்கு வந்தவர்கள்

செய்தி வந்தபோது நான் ஜொகூர் பாரு சோதனைச் சாவடியில், சிங்கப்பூருக்குப் போகும் மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று மத்தியான ஷிப்டு. தலைக்கவசத்துக்குள் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மெய்யம்மை அக்காவின் தங்கை எழுதியிருந்தார்: "அக்கா காலைல போயிட்டாங்க குணா. நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே."

அந்த வரிசையில் நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. இரண்டு பக்கமும் தடுப்பு, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். வேறு வழியில்லாமல் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூருக்குள் நுழைந்து, முதல் திருப்பத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கத்து அதிகாரி, இப்போதுதானே போனாய், அதற்குள் ஏன் வருகிறாய் என்று மலாயில் கேட்டார். அக்கா இறந்துவிட்டார் என்றேன். கூடப் பிறந்தவரா என்றார். ஆமாம் என்றேன். பொய்தான். நாக்கு அப்படித்தான் புரண்டது.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு அவர் மெய்யம்மை மேடம். சிலருக்கு ஆச்சி. செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவதுதான் முறை என்றாலும் அவருக்கு அது பிடிக்காது. "ஆச்சின்னா உடனே முட்டி வலிக்குது" என்பார். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று அதை விட்டார். அதன்பிறகு அவர் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கண்காட்சிக்காரர்கள் கலை என்றார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் தொழில்நுட்பம் என்று எழுதினார். அவர் சொன்ன பெயர் சோதனை. "கலைன்னு சொன்னா ஆளுங்க தள்ளி நிப்பாங்க. மெஷின்னு சொன்னா கைய கட்டிக்குவாங்க. சோதனை பண்றோம்னு சொல்லிப் பாருங்க, என்னா ஏதுன்னு எட்டிப் பார்க்க வந்துடுவாங்க லா."

நானும் அப்படி எட்டிப் பார்க்கப் போனவன்தான். எனக்குச் சொந்த ஊர் ரெங்கம். வாரநாளில் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பது, வாரக்கடைசியில் அக்கம்பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது, இதுதான் என் வாழ்க்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாளிக்குள் உப்பேறி, பச்சை பூத்துப்போன மின்சுற்று ஒன்று கிடந்தது. "கடல் தண்ணியில உயிரோட இருக்கிற மாதிரி இதைச் செஞ்சு தர முடியுமா?" என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டேன்.

அது மெர்சிங் படகுத்துறைக்கான வேலை. தீவுக்குப் போகிறவர்கள் அங்கே கடல் ஏறும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர்கள் உட்காரும் பலகையில் ஒரு ஒலிபெருக்கியும், தண்ணீருக்கு அடியில் ஒரு மைக்கும் வைத்து, உட்கார்ந்தால் கடலுக்குள் நடப்பது காதில் விழும்படி செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். எதற்கு என்று கேட்டேன். "எதுக்குன்னு தெரிஞ்சா ஏன் செஞ்சு பார்க்கணும்?" என்றார். செய்து கொடுத்தேன். ஆனால் மாட்டியதும் ஒலிபெருக்கியில் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று ஒரே சத்தம். எங்கோ கம்பி பழுதாகியிருக்கிறது என்று நினைத்து, ஒரு வாரக்கடைசி முழுவதும் ஒவ்வொரு கம்பியாக மாற்றினேன். சத்தம் போகவில்லை. எரிச்சலில் திருப்புளியைத் தூக்கி எறிந்துவிட்டேன். அவர் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "பழுதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க குணா?" என்றார். அப்போது வலையைச் சுமந்துகொண்டு போன ஒரு மலாய்க்கார மீனவர் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "இத்து ஊடாங் லா, பாங்." இறால். ஒரு வகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம். இரண்டு நாளாக நான் இறாலைப் பழுது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா அந்த மீனவரை விடவில்லை. எந்த நேரத்தில் சத்தம் கூடும், மழை பெய்தால் என்ன ஆகும், உங்கள் அப்பாவுக்கும் இது தெரியுமா என்று கேட்டு, அவர் வலை காய்கிறவரை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் பசியோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரிக் குடித்து முடித்தேன்.

இனி சிகாமட் கதைக்கு வருகிறேன். பலருக்கு அதன் பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் தவறாகத் தெரியும்.

சிகாமட்டில் ஆற்றோரமாக ஒரு குடியிருப்பு. ரப்பர்த் தோட்டம் மூடியபோது வெளியேறியவர்கள் இறங்கிவந்து வீடு கட்டிக்கொண்ட இடம். மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வரும். எச்சரிக்கை கைப்பேசிக்கு வருகிறது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் நகர்வதில்லை. முழங்கால் அளவு வந்த பிறகுதான் நகர்வார்கள், அதற்குள் ரோடு மூழ்கியிருக்கும். அக்காவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தெரிஞ்சும் ஏன் நகர மாட்டேங்குறாங்க?" தகவல் காதுக்குப் போகிறது, காலுக்குப் போகவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்த மக்களுக்குப் பிடித்த சத்தத்தில் ஆறே பேசினால் என்ன என்று யோசித்தார். பாலத்துக்கு அடியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார், மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் உறுமி மேளம். தண்ணீர் ஏற ஏற அடி வேகமாகும். அந்த ஊர்க் குழுவையே வாசிக்க வைத்துப் பதிவு செய்தோம். என் கொட்டகையில் முதல்முறை அதை ஓடவிட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைவிடச் சிறப்பாக யாராலும் செய்ய முடியாது என்று மனதுக்குள் கொஞ்சம் கர்வமும் பட்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை வைத்தோம். உறுமி கேட்டால் மேட்டிலுள்ள பள்ளிக்கு வரவும் என்று ஒரு வாரமாக வீடு வீடாகத் தாள் கொடுத்திருந்தோம். எங்கள் முயற்சிக்கு ஆதரவு தந்த கோலாலம்பூர்க் குழுவினர் கேமராவோடு வந்திருந்தார்கள். நான் சென்சாரை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கினேன். உறுமி முழங்கியது. கதவுகள் திறந்தன. மக்கள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஆற்றைப் பார்த்து நடந்தார்கள்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்த ஊரில் ஒவ்வொரு வருடத் திருவிழாவிலும் கரகம் ஜோடிப்பது ஆற்றங்கரையில். உறுமி முழங்கினால் அம்மனை அழைக்க ஆற்றுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் கால்களுக்குத் தெரியும். இரண்டு பெண்கள் அர்ச்சனைத் தட்டோடு வந்தார்கள். ஒருவர் தேங்காயும் எடுத்து வந்திருந்தார். தாளைப் படிக்கவில்லையா என்று நான் கத்தியே விட்டேன். "படிச்சேன் லா. இது ஒத்திகைன்னும் தெரியும். ஆனா உறுமி சத்தம் கேட்டுட்டு மேட்டுக்கு எப்படிய்யா போறது?" என்றார் தேங்காய்க்காரர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் ரெங்கத்தில் பிறந்தவன், பால்குடம் எடுத்தவன், எனக்கே இது தோன்றவில்லை என்பதுதான் பெரிய அவமானம். அக்காவாவது டவுனில் வளர்ந்தவர்.

நான் வாளியை எட்டி உதைத்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தேன். அவர் ஆற்றங்கரையில் ஒவ்வொருவராக நிறுத்தி, "நீங்க ஏன் இங்க வந்தீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை. அலமாரியில் புதிதாக ஒரு கதவு இருப்பதைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தார். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கோலாலம்பூர்க்காரர்களுக்கோ ஒரே மகிழ்ச்சி. மாலை வெயிலில் மக்கள் தட்டோடு ஆற்றை நோக்கி வருவது படத்தில் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. வெள்ளம், எச்சரிக்கை என்ற பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு, ஆறும் மக்களும் என்று கண்காட்சியில் வைத்துவிடலாம் என்றார்கள். நான்கூட ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அக்கா அந்தப் படத்தை இரண்டு தடவை முழுதாகப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. நெஜமா தண்ணி வந்திருந்தா இதுல இருக்கிற அத்தனை பேரும் போயிருப்பாங்க" என்றார். கண்காட்சியில் படத்தை வைக்க விடவில்லை. அதற்குப் பதிலாகக் குடியிருப்பின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆற்றுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டு, கீழே "எங்கள் தவறு" என்று எழுதி மாட்டினார். அந்தக் குழு அதோடு எங்களைக் கைகழுவியது. சில நண்பர்கள் இன்றுவரை சிகாமட் சோதனை என்றால் அந்த வரைபடத்தோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது.

மறுபடி வீடு வீடாகப் போனோம். இம்முறை தாள் கொடுக்கவில்லை. "எந்தச் சத்தம் கேட்டா உங்களுக்கு ஒடனே வீட்ட விட்டுக் கெளம்பணும்னு தோணும்?" என்று கேட்டோம். ஸ்கூல் பஸ் ஹாரன் என்றார்கள். மாமியார் இருமல் என்று ஒரு மருமகள் சொல்ல, அந்த மாமியாரே சிரித்துவிட்டார். ஆற்றை ஒட்டிய கடைசி வீடு பவுனம்மாவுடையது. பால் மரம் வெட்டியவர், எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். அவர் யோசிக்கவே இல்லை. "பெரட்டு மணி" என்றார். தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களைத் திடலுக்குக் கூப்பிட அடிக்கும் மணி அது. திடலில் பேர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது. "இப்பக்கூட எங்கியாச்சும் இரும்ப இரும்பால தட்டுனா காலு தானா எறங்கி நிக்கும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் ஒட்டுக்கடையிலேயே சண்டை போட்டேன். "எங்க அப்பா அந்த மணிக்குப் பயந்து காய்ச்சலோட ஓடுனவரு. ரிட்டயரான பிறகும் தூக்கத்துல எந்திரிச்சுச் சட்டையத் தேடுவாரு. அதையே மறுபடியும் அந்த ஜனங்க காதுல அடிக்கச் சொல்றீங்களா? உங்க வீட்ல யாரும் அந்தத் திடல்ல நின்னது கிடையாது. அதான் உங்களுக்கு இது வெறும் சத்தமா தெரியுது." கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. "எனக்குத் தெரியலை குணா. நெஜமாவே தெரியலை" என்று மட்டும் அவர் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் நான் அவரோடு பேசவில்லை.

அந்த நாட்களில் அவர் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. வாராவாரம் பவுனம்மா வீட்டுக்குப் போய் நான் சொன்னதை அப்படியே சொல்லி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒருநாள் என்னை அழைத்து, "நீங்களே வந்து கேளுங்க" என்றார். போனேன். பவுனம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, அப்போ கங்காணி அடிச்சான், நாங்க ஓடுனோம். இப்ப நான் அடிக்கிறேன். ஓடுறவங்க ஓடட்டும். அந்த மணிக்கும் ஒரு நல்ல வேலை குடுப்போமே."

அதோடு என் வேலையே தலைகீழாகிவிட்டது. நான் செய்திருந்த தானியங்கி ஏற்பாடு வேண்டாம் என்றார் அக்கா. சென்சார் மணியை அடிக்காது. பவுனம்மா வீட்டில் ஒரு சிவப்பு விளக்கை எரியவைக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து அவர் போய் அடிக்க வேண்டும். ஆள் தூங்கிவிட்டால், கடைக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்று வாதாடினேன். முறை போட்டு இன்னும் மூன்று வீட்டில் விளக்கு வையுங்கள் என்றார். "மெஷின் கூப்பிட்டா மெஷினத் திட்டிட்டு உக்காந்திருப்பாங்க. பவுனம்மா கூப்பிட்டா, வரலேன்னா அடுத்த நாள் மூஞ்சில முழிக்கணும்ல." எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனாலும் செய்தேன். பழைய இரும்புக் கடையில் மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டு கிடைத்தது. கோயிலுக்குப் பின்னால், மேட்டில் ஒரு மரச்சட்டத்தில் தொங்கவிட்டோம். ஒத்திகையின்போது பவுனம்மா அடித்த முதல் அடியில் வயதானவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே மேட்டுக்கு வந்தார்கள். மணியைக் கேட்டே இராத இளசுகள், இவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று பார்க்க அவர்கள் பின்னால் வந்தார்கள். அக்கா எதற்கும் கைதட்டியது கிடையாது. அன்றும் தட்டவில்லை. யார் யார் வரவில்லை என்று கேட்டார்.

இது நடந்து சில மாதம் கழித்து, மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அக்கா போய்விட்டார். அந்த மணி நிஜத் தண்ணீருக்கு அடிக்கப்படுவதை அவர் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

மழை வந்தது. நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிவாக்கில் விளக்கு எரிந்திருக்கிறது. பவுனம்மா குடையில்லாமல் மேட்டுக்குப் போய் அடித்திருக்கிறார், கை மரத்துப்போகிற அளவுக்கு. நான் அன்று சிங்கப்பூரில் இருந்தேன். பவுனம்மாவே போனில் கூப்பிட்டார். "வந்துட்டாங்க தம்பி, எல்லாம் பள்ளிக்கூடத்துல இருக்காங்க. அந்த மெய்யம்மகிட்ட சொல்லணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் தொழிற்சாலைக் கழிவறையில் நின்று அழுதேன். அக்காவின் சாவு வீட்டில்கூட எனக்கு அழுகை வரவில்லை.

எல்லாரும் வந்தார்கள் என்று பவுனம்மா சொன்னது முழு உண்மை இல்லை. ஒரு வீட்டில் ஆள் வரவில்லை. முனியாண்டி, பவுனம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவரைப் பின்னேரம் படகில் போய் மீட்டுக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் வடிந்தபின், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் சேறு வழித்துக்கொண்டிருந்தார். செத்துப்போயிருப்பீர்களே, அறிவில்லையா என்று கேட்கும் வேகத்தில்தான் போனேன். வாசலில் நின்றதும் என்னையறியாமல், "ஐயா, மணி கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"ஏன் வரலை?"

அவர் வழிப்பதை நிறுத்தவில்லை. "பவுனம்மாகூட நாலு வருசமா பேச்சுவார்த்தை கிடையாது. கோயில் கூட்டத்துல அத்தன பேரு முன்னாடி என்னைப் பேசிப்புட்டா. அவ கூப்பிட்டு நான் வரணுமா?"

ஒரு மனிதர் தண்ணீர் நெஞ்சுவரை வந்தாலும் மானத்தோடு மேசைமேல் உட்கார்ந்திருப்பார் என்பது என் எந்தக் கணக்கிலும் இல்லை. சென்சாரில் இல்லை, முறைப்பட்டியலில் இல்லை. பழைய குணா என்றால் சண்டை போட்டிருப்பேன், அல்லது மறுபடி தானியங்கியே நல்லது என்று முடிவு கட்டியிருப்பேன். ஈரப் பலகையில் உட்கார்ந்தேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப யாரு கூப்பிட்டா வருவீங்கய்யா?"

அவர் தொடர்ந்து வழித்தார். தரையில் பாதிச் சேறு தீர்ந்துவிட்டது. "யாரும் கூப்பிட வேணாம். எனக்கும் ஒரு வெளக்கு வெச்சுக் குடு. மேக்கால இருக்கிற வீடுகளுக்கு அவ அடிக்கிறது சரியா கேக்காது. அங்க நான் அடிக்கிறேன்" என்றார்.

மேற்கு வீடுகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வந்தவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

மெய்யம்மை அக்காவின் வரைபடங்களும் நோட்டுகளும் அவருடைய தங்கையிடம் பத்திரமாக இருக்கின்றன. வேண்டுபவர்கள் போய்ப் பார்க்கலாம். என்னிடம் பொருளாக ஒன்றும் இல்லை. எது நடந்தாலும் வராதவர் வீட்டுக்கு முதலில் போய், கோபமில்லாமல், பதில் தெரியாதவனாக நின்று கேட்க வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கோபமில்லாமல் என்பது இன்னும் முழுதாகக் கைவரவில்லை. போன வாரம் முனியாண்டி வீட்டில் விளக்கு மாட்டிவிட்டு வந்தேன். பவுனம்மா தன் வாசலில் நின்று, யாரிடம் என்றில்லாமல், "அந்தாளுக்கு அடிக்கத் தெரியாது, நான் காட்டித் தாரேன்னு சொல்லு" என்றார்.